யார் வீடு? செட்டிநாட்டுக் கிராமங்களில் குடும்ப வன்முறையும் குடியிருக்கும் உரிமையும்

செட்டிநாட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் வீட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்று பட்டியல் போகும். இந்தக் கட்டுரையும் வீட்டைப் பற்றியதுதான். பெரிய வீடு மட்டும் இல்லை; அதன் பின்தெருவில் இருக்கும் ஓட்டு வீடு, ஊருக்கு வெளியே காலனியில் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு எல்லாம் இதில் சேரும். இந்த வீடுகள் அனைத்துக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. அடி வாங்கிய பெண் அன்று இரவு எங்கே படுப்பாள்?

குடும்ப வன்முறை என்று பேச்செடுத்தால் குடி, வரதட்சணை, சந்தேகம், மாமியார் கொடுமை என்று காரணங்களை அடுக்குவது வழக்கம். எல்லாமே உண்மைதான். ஆனால் முதல் அடி ஏன் விழுகிறது என்பதும் பத்தாண்டுகளாக ஏன் விழுந்துகொண்டே இருக்கிறது என்பதும் வேறுவேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ஆயிரம் விடைகள் இருக்கலாம். இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் ஒன்றே: இருக்கிற வீடு அவள் பேரில் இல்லை, போவதற்கு வேறு வீடும் இல்லை. காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களை வைத்து அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எண்கள் சொல்வது

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனிடம் எப்போதாவது உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். 2015-16இல் இது 40.6ஆக இருந்தது. அகில இந்திய சராசரி 29.3, கேரளத்தில் ஏறத்தாழ 10. பெண் கல்வி, மருத்துவமனைப் பிரசவம், பெண்கள் வேலைக்குப் போவது என்று பல அளவுகோல்களில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது ஒன்றில் மட்டும் தேசிய சராசரிக்குப் பின்னால் தங்கிவிட்டது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நகரத்தில் 24.2 விழுக்காடு, கிராமத்தில் 31.6.

இந்த எண்களை எடுத்த விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வன்முறை பற்றிய கேள்விகள் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுகின்றன. பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது; யாராவது வந்துவிட்டால் கேள்வியை நிறுத்திவிட வேண்டும். அப்படித் தனித்துக் கேட்டதால்தான் பெற்ற தாயிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத கணக்கெடுப்பாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளானவர்களில் எங்காவது உதவி தேடிப் போனவர்கள் 14 விழுக்காட்டினர். நான்கில் மூன்று பேருக்கு மேல் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உதவி தேடியவர்களிலும் பெரும்பாலோர் போன இடம் பிறந்த வீடு. காவல் நிலையத்தின் படியேறியவர்கள் சொற்பம்.

குடியைப் பற்றியும் இதே கணக்கெடுப்பு ஒன்றைக் காட்டுகிறது. கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வரும் பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினர் அடி வாங்கியிருக்கிறார்கள். குடிக்காத கணவன் உள்ள பெண்களில் சுமார் 23 விழுக்காட்டினர். 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறு கடைகளாக மூடப்பட்டன. கடையை மூடச் சொல்லி ஊர் ஊராகப் பெண்கள் மறியல் செய்வதற்கு அந்த 70 போதுமான நியாயம். ஆனால் அந்த 23ஐயும் பார்க்க வேண்டும். சொட்டுக்கூடத் தொடாதவன் வீட்டிலும் நான்கில் ஏறக்குறைய ஒரு பெண் அடி வாங்கியிருக்கிறாள். கடையை மூடினால் அடி குறையும், நிற்காது.

"அனுசரிச்சுப் போ"

பிறந்த வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் திருமணங்கள் இன்றும் சொந்தத்துக்குள்ளேதான். சொந்தத்தில் கொடுத்தால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது நம்முடைய பழைய நம்பிக்கை. அத்தையே மாமியார், தாய்மாமனே மாமனார். யார் விட்டுக்கொடுப்பார்கள் என்று கேட்பார்கள். பல வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் அடி விழத் தொடங்கிவிட்டால் அதே உறவு கதவை அடைத்துவிடும். அப்பா தன் கூடப்பிறந்த தங்கை வீட்டுக்குப் போய்த்தான் நியாயம் கேட்க வேண்டும். அம்மா தன் தம்பியைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தாலோ சிக்கல் இன்னும் பெரிது. இவள் திரும்பி வந்தால் அங்கிருந்து வாழ வந்த அண்ணியும் போக வேண்டியிருக்கும். ஒருத்தி முதுகில் வாங்கும் அடியின் மேல் இரண்டு குடும்பங்கள் நிற்கும்.

அசலில் கட்டிக் கொடுத்த வீட்டிலும் நிலைமை இதைவிடப் பெரிதாக மாறிவிடாது. பெண் பையோடு வந்து இறங்கினால் முதல் நாள் சோறு போடுவார்கள், இரண்டாம் நாள் காரணம் கேட்பார்கள், மூன்றாம் நாள் "எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அனுசரிச்சுப் போ" என்பார்கள். தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டியிருக்கும், தங்கை கல்யாணத்துக்கு நிற்பாள். 'வாழாவெட்டி' என்ற சொல்லை ஊரில் யாராவது ஒருவர் உச்சரித்தால் போதும். இதற்குப் பிறகு மாமன் மச்சான்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சு எப்படி நடந்தாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்: சேர்த்து வைப்பது. "இனிமேல் கை நீட்டமாட்டேன்" என்று அவன் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்வான். அவள் பை திரும்பவும் அதே வீட்டுக்குப் போகும். மறுபடி கை நீட்டினால் அவனுக்கு என்ன தண்டனை என்பது பற்றி அந்த இடத்தில் பேச்சே எழாது.

இப்பகுதியின் பல உழைக்கும் சாதிகளில் முன்பு அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. ஒத்துவராத திருமணத்தைப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிட்டு, பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டு வாழலாம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம்கூட இப்படிப்பட்ட வழக்கமான மணவிலக்கைச் செல்லாது என்று சொல்லவில்லை. கௌரவம் கூடக்கூட, மேல்சாதி முறையே நல்ல முறை என்ற எண்ணம் பரவப்பரவ, அந்த வாசல் அடைபட்டது. கொத்து வேலைக்கும் புதுவயல் அரிசி ஆலைக்கும் போய்ச் சம்பாதிக்கும் பெண்ணும் 'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற கணக்கில் மாட்டிக்கொண்டாள். முன்னேற்றம் என்று நாம் நினைத்ததில் இப்படியும் ஒரு பகுதி உண்டு.

வெளிநாடு போகும் ஆண்களின் ஊர் இது. பர்மாவும் மலாயாவும் போய் இப்போது சிங்கப்பூரும் வளைகுடாவும். கணவன் தூரத்தில் இருந்தால் அடி இருக்காது என்று நினைத்தால் தவறு. பணம் மாமனார் கணக்குக்கோ மாமியார் கணக்குக்கோ வரும்; பிள்ளைக்குப் பால் வாங்கவும் அவள் கை நீட்ட வேண்டும். இரவில் வீடியோ அழைப்பு வரும். "எங்கே இருக்கே? போனைத் திருப்பி வீட்டைக் காட்டு" என்ற அதட்டல் வரும். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஒரு பெண்ணை ஒடுக்கிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதையும் வன்முறை என்றே 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சேர்த்துச் சொல்கிறது; அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆச்சிமார் பணம்

இந்த மண்ணுக்கே உரிய பழைய ஏற்பாடு ஒன்றை இங்கே பார்த்தாக வேண்டும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் திருமணத்தில் இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள். இரு வீட்டாரும் சம்மதித்து நடக்கும் மணம் இது என்று எழுத்தில் வைக்கும் ஏடு. பெண்ணோடு வரும் நகை, பாத்திரம், பணம் எல்லாம் எண்ணி, நிறுத்து, எழுதப்படும். சீதனப் பணம் வட்டிக் கடையில் அவள் பேரில் தனிக் கணக்காக ஏறி வட்டியோடு வளரும். நகரத்தார் வணிகத்தை ஆராய்ந்த டேவிட் ரட்னர், 1994இல் வெளிவந்த தம் நூலில், கடை முதலீட்டின் வகைகளில் ஒன்றாக இந்த 'ஆச்சிமார் பண'த்தைப் பதிந்திருக்கிறார். நகரத்தார் பெண்களின் உறவுமுறையையும் சொத்துரிமையையும் பற்றி ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா 1998இல் ஒரு தனி நூலே எழுதினார்.

இன்னொரு வழக்கம் 'வேறு வைத்தல்'. மணமான சில காலத்திலேயே மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனியாக வைத்துவிடுவார்கள். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றிய அறைகளில் அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே கூரை, ஆனால் உலை பல. மாமியார் மருமகள் சச்சரவுக்குப் பாதிக் காரணம் அடுப்படிதான் என்பதைக் கணக்கெழுதிப் பழகிய சமூகம் புரிந்துவைத்திருந்தது. கணவன் மூன்று வருடக் கணக்குக்குக் கடல் கடந்து போய்விட்டாலும் அவள் யாருடைய உலையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

இதைப் பொற்காலம் என்று கொண்டாடத் தேவையில்லை. பெண்ணின் பேரில் இருந்த பணத்தை ஆண்கள்தான் சுழலவிட்டார்கள். பூர்வீக வீட்டில் மகளுக்குப் பங்கு கிடையாது. எழுதிவைக்கும் பழக்கமே சீரின் அளவை ஏற்றிக்கொண்டும் போனது. அதே சீர் குறைந்தால் பேச்சும் ஏச்சும். இளம் விதவைகளின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு 1930களில் இங்கே எழுந்த இயக்கமே சாட்சி. சொ. முருகப்பாவும் அவர் மணந்துகொண்ட மரகதவல்லி அம்மையாரும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து 'மாதர் மறுமணம்' என்று ஓர் இதழே நடத்தினார்கள். வீடு நிறையப் பாத்திரம் இருந்தும் வாழ்க்கை இல்லாமல் போன பெண்களுக்காக அது பேசியது. ஆனாலும் அந்தப் பழைய ஏற்பாட்டுக்குள் ஒரு கூர்மையான புத்தி இருந்தது: பெண்ணின் பாதுகாப்பை யாருடைய நல்ல மனசுக்கும் விட்டுவிடக் கூடாது, எழுத்திலும் கணக்கிலும் இடத்திலும் வைக்க வேண்டும். அது ஒரு பணக்காரச் சமூகத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கியவளுக்கும் அவர்கள் வயலில் நாற்று நட்டவளுக்கும் இசைகுடிமானமும் இல்லை, தனி அடுப்பும் இல்லை.

சட்டம் கொடுத்த இடம்

எல்லாப் பெண்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய முயன்றது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதற்கு முன்பு இருந்ததெல்லாம் குற்றவியல் வழிதான். 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498-அ பிரிவு, கொடுமை செய்யும் கணவனையும் அவன் உறவினர்களையும் தண்டிக்கிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாகத் தொடர்கிறது. அந்த வழியில் போனால் கணவன் சிறைக்குப் போகலாம். அவள் எங்கே போவாள் என்பதற்கு அதில் விடை கிடையாது. பிள்ளைகளின் அப்பாவை ஜெயிலில் வைக்க வேண்டும் என்று எல்லாப் பெண்களும் கேட்பதில்லை. "அடிக்காமல் இருக்கணும், நானும் பிள்ளைகளும் அங்கேயே இருக்கணும்" என்பதுதான் பலரும் கேட்பது.

2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கேள்வியை நேராகப் பிடித்தது. அடி, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதார ஒடுக்குமுறை என்று நான்கையும் வன்முறை என்றது. செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, சீதன நகையைப் பிடுங்கி அடகு வைப்பது, வீட்டில் புழங்கும் பொருள்களை அவள் தொடவிடாமல் தடுப்பது எல்லாம் நான்காவதில் அடங்கும். 17ஆம் பிரிவு சொல்வது இது: சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருக்கும் உரிமை உண்டு. 19ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர், அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிடலாம். கணவனையே வெளியேறச் சொல்லலாம். இல்லையென்றால் அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கொடுக்கவோ சொல்லலாம். வன்முறையைத் தடுக்க நடுவர் போடும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை இது. பெற்ற பிள்ளை விரட்டும் தாய்க்கும், கணவன் இறந்ததும் கொழுந்தன்மார் வெளியே தள்ளும் விதவைக்கும் பொருந்தும்.

ஆனால் நம் சட்டத்தின் நடுவிலேயே ஒரு ஓட்டை விழுந்தது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வீடு மாமியார் பேரில் இருந்தால் மருமகள் அதில் குடியிருக்கும் உரிமை கோர முடியாது என்றது. கூட்டுக் குடும்பம் பரவலாக உள்ள நாட்டில், பட்டா தாத்தா பேரிலும் அப்பத்தா பேரிலும் கிடக்கும் ஊர்களில், இது பெரும்பாலான மருமகள்களுக்குக் கதவை அடைத்த தீர்ப்பு. "வீடு என் அம்மா பேர்ல இருக்கு" என்று கணவன் சொன்னால் போதும் என்றானது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 15 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறான தீர்ப்பு என்று ரத்து செய்தது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும் அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது சேர்ந்து வாழ்ந்த வீடுதான். 2022 மே மாதம் இன்னொரு தீர்ப்பு, மனுப் போடும் நேரத்தில் அவள் அங்கே வசித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. இச்சட்டத்தின்கீழ் அமர்த்தப்படும் பாதுகாப்பு அலுவலரின் சம்பவ அறிக்கை இல்லாமலும் நடுவர் உத்தரவிடலாம் என்றும் தெளிவாக்கியது. எழுத்தில் பார்த்தால் இன்று ஒரு கிராமத்து மருமகளின் கையில் வலுவான உரிமை இருக்கிறது.

ஒரு மனுவின் பயணம்

எழுத்திலிருந்து வீட்டு வாசல் வரை அந்த உரிமை எப்படி வந்து சேர்கிறது? கல்லலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் பெண்ணை வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்குப் போனால் அன்றைய கூலி, போகாவிட்டால் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பேருந்துக் காசுக்கு யாரிடமும் காரணம் சொல்லாமல் காரைக்குடி வரை வந்துவிடலாம். இது சின்ன விஷயம் இல்லை. அதற்கு மேல் மாவட்டத் தலைநகரான சிவகங்கைக்கு வெளியூர்ப் பேருந்து. டிக்கெட் எடுக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகம் அங்கேதான். பாதுகாப்பு அலுவலர் உட்காருவதும் அங்கேதான். மாவட்டம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒருவர். 2011 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மாவட்டம் இது. 2015இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையமும் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்குதான்.

ஆகவே அவள் நடைமுறையில் போகிற இடம் அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய இந்த நிலையங்கள் ஒரு பெரிய தயக்கத்தைப் போக்கின. பெண் அதிகாரியிடம் பேச முடிகிறது. மனுவை வாங்கி மனு ஏற்புச் சான்றாக ஒரு சி.எஸ்.ஆர். சீட்டு கொடுப்பார்கள். எதிர்த்தரப்புக்கு போன் போகும். குறித்த நாளில் இரண்டு வீட்டாரும் வேன் பிடித்து வந்து வாசலில் நிற்பார்கள். உள்ளே விசாரணை, வெளியே வேப்ப மரத்தடியில் சமரசம். அவன் குனிந்து நிற்பான், அவன் அம்மா அழுவாள், பிள்ளை யார் இடுப்பில் இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். கடைசியில் "இனிமேல் குடித்துவிட்டு அடிக்கமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். கணவன் மனைவி தகராறுகளில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது. 2014இல் வந்த இன்னொரு தீர்ப்பு, 498-அ வழக்குகளில் உடனே கைது செய்யக் கூடாது என்றது. பொய் வழக்கைத் தடுக்க அந்த எச்சரிக்கைகள் வேண்டியவைதான். ஆனால் கிராமத்துப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால், ஊர்ப் பெரியவர்கள் சொன்ன அதே 'சேர்ந்து வாழு' இப்போது காக்கிச் சட்டையோடு வருகிறது. எழுதிக் கொடுத்த தாளை மீறினால் சட்டப்படி எந்தத் தண்டனையும் இல்லை. நடுவர் போடும் பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் சிறை. இந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

காரைக்குடியிலேயே நீதித்துறை நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. அவளே நேராக மனுச் செய்யலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவின் மூலம் வழக்கறிஞர் இலவசம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு இதில் வருமான வரம்பும் கிடையாது. மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் ஓடும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டு வாங்கும் வழக்கறிஞர் கிடைத்தால் அவள் அதிர்ஷ்டக்காரி.

காயத்தோடு மருத்துவமனைக்குப் போகும் நாளில்தான் இந்தப் பாதை உண்மையில் தொடங்க வேண்டும். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காகக் கேட்பார்கள். கூடவே கணவன் நிற்பான். "வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். கண்ணுக்குக் கீழே கன்றிப் போன இடம் வழுக்கி விழுந்தால் வருமா என்று மேற்கொண்டு கேட்க, வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது யாருக்கும் நேரம் இல்லை. பிற்பாடு நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகக் காட்டப்படும் முதல் ஆவணம் அந்த ஒரு வரிதான். மணமாகி ஏழாண்டுக்குள் அவள் செத்துப்போனால் தேவகோட்டைக் கோட்டாட்சியர் விசாரணைக்கு வருவார். உயிரோடு இருக்கும்போது அந்த அளவுக்கு ஓர் அதிகாரி அவளைத் தேடி வரும் ஏற்பாடு இல்லை.

புதுக்கோட்டையில் நடந்தது

பக்கத்து மாவட்டத்தில் வேறொரு வழி தேடப்பட்டது. தாவூத் ஷரீபா கானம் புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கி நடத்தினார். அங்கே வந்த முஸ்லிம் பெண்கள் பலரும் சொன்ன குறை ஒன்றே: தங்கள் குடும்ப வழக்கை விசாரிக்கும் ஜமாஅத்தில் உட்காரவும் பேசவும் தங்களுக்கு இடமில்லை. 2000களின் தொடக்கத்தில் அவர்கள் தங்களுக்கென்று பெண்கள் ஜமாஅத்தை அமைத்துக்கொண்டார்கள். மாதந்தோறும் கூடுவது, மனுக்களைக் கேட்பது, எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரிப்பது, தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போவது என்று அது வளர்ந்தது. தீபா தன்ராஜ் 2011இல் இதை ஆவணப்படமாக எடுத்தார்.

இதில் கற்றுக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. கிராமத்தில் பஞ்சாயத்தை ஒழித்துவிட முடியாது. சட்டம் தூரத்தில் இருக்கும்வரை மக்கள் பக்கத்தில் உள்ள மரத்தடிக்குத்தான் போவார்கள். அந்த மரத்தடியில் யார் உட்காருகிறார்கள் என்பதைத்தான் மாற்ற முடியும். அடுத்தது, அந்தப் பெண்கள் பேசித் தீர்ப்பதோடு நிற்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கின்றன என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தது. இன்று ஒவ்வொரு ஊரிலும் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. வாரம்தோறும் கூடும் பழக்கமும், ஒருத்தி வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. தவணை கட்டாவிட்டால் வாசலில் போய் நிற்கும் குழு, கண் வீங்கி இருந்தாலும் போய் நிற்கலாம். அதற்கான பயிற்சியும் துணிச்சலும் மட்டும் இன்னும் பரவலாகவில்லை.

பத்திரத்தில் ஒரு பெயர்

சொத்துக்கும் அடிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்டிய ஆய்வு கேரளத்தில் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் தகவல் திரட்டி, பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் 2005இல் வெளியிட்டார்கள். நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18. வீடு மட்டும் இருந்தவர்களில் 10. இரண்டும் இருந்தவர்களில் 7. படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் சொத்தின் தாக்கம் நின்றது. நிலத்தைவிட வீடு அதிகம் காக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அடிக்க ஓங்கும் கைக்கு, இவள் வெளியே போக முடியும், அல்லது என்னை வெளியே போகச் சொல்ல முடியும் என்ற நினைப்பே ஒரு தடை.

தமிழ்நாடு இந்த இடத்தில் முன்னோடி மாநிலம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று 1989இலேயே சட்டம் திருத்தியது. நாடு அதைச் செய்ய 2005 ஆனது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்திலிருந்து வரும் மரபு அது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஓரடி போனார். கணவன் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உழைப்பு இருக்கிறது என்று அவர் தீர்ப்பளித்தார். பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவாக உள்ள சிவகங்கைச் சீமைக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஊரில் நடப்பது வேறு. கல்யாணத்துக்குச் செலவு செய்துவிட்டோம் என்று சொல்லி, மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அண்ணனை எதிர்த்துப் பங்கு கேட்டால் நாளைக்குத் தாய்மாமன் சீர் வராது என்று அவளும் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். பிறகு ஒரு நாள் பையோடு அந்த வாசலுக்கு வரும்போது அது அண்ணன் வீடு ஆகியிருக்கிறது. பங்கை விட்டுக்கொடுத்ததால் கிடைக்கும் என்று நினைத்த பாசம் மூன்றாம் நாள் தாண்டுவதில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், செய்ய வேண்டியவை பெரிய கனவுகள் இல்லை. பாதுகாப்பு அலுவலரை மாவட்டத் தலைநகரில் மட்டும் உட்காரவைக்காமல், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், மானாமதுரை என்று வட்டத்துக்கு ஒருவராக அமர்த்துவது முதல் வேலை. மகளிர் காவல் நிலையத்தில் சமாதானம் எழுதி வாங்கும் அதே மேசையில் நடுவர் மன்றத்துக்கான மனுப் படிவமும் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். விபத்துப் பதிவேட்டுக்குக் கேள்வி கேட்கும்போது கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்ல ஒரு செவிலியருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும், செலவு ஒரு ரூபாய் ஆகாது. அரசு கட்டித் தரும் ஒவ்வொரு வீட்டின் பட்டாவிலும் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். இருக்கிறது என்று சொல்லப்படும் இடங்களில் அந்தத் தாள் யார் பெட்டியில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. கணவன்மார் கட்டணக் கணக்குப் பார்த்து மனைவி பேரில் பதிந்தாலும் பரவாயில்லை. எந்த நோக்கத்தில் பதிந்தாலும் பெயர் பெயர்தான்.

2023 செப்டம்பர் 15 முதல் தகுதி பெற்ற குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. இலவசப் பேருந்தும் இந்த ஆயிரமும் சேர்ந்து ஒரு பெண்ணை ஊர் எல்லை தாண்டி நீதிமன்ற வாசல் வரை கொண்டுவந்துவிடும். அங்கிருந்து அவள் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். '181' என்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லிச் சுவரெழுத்து எழுதுகிறோம். அழைத்த பிறகு அன்று இரவு தங்க என்ன ஏற்பாடு என்று அடுத்த வரியையும் எழுத வேண்டும். அதை எழுத முடியாதவரை, பொறுத்துப் போ என்று சொல்லும் தாயைக் குறை சொல்ல நமக்கு அதிக உரிமை இல்லை. அவளுக்கும் மகளைத் தங்கவைக்கத் தன் பேரில் ஒரு வீடு கிடையாது. பெண்ணுக்கு நகை போடுவதா, படிப்பு கொடுப்பதா என்று பெற்றோர் யோசிக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: ஒரு சென்ட் இடமானாலும், ஓர் அறையானாலும், அவள் பேரில் பத்திரம். சீர்வரிசையில் வைக்க இதைவிடப் பெரிய பாத்திரம் வேறில்லை.